ஆளோடு வீல்சேரும் வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெள்ளமோ நிலநடுக்கமோ போரோ, மக்களை வெளியேற்றும்போது மாற்றுத்திறனாளியின் வீல்சேர், ஊன்றுகோல், செயற்கைக் கால், காது மிஷின் எல்லாம் அவரோடு சேர்ந்தே வர வேண்டும். மீட்புப் பணியில் இதைக் கட்டாய விதியாக்கக் கேட்டே எழுதுகிறேன்.

தண்டுவடத்தில் அடிபட்டதால் எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. ஒரு வெள்ளத்தின்போது எங்களை மீட்க வந்தவர்கள் நல்ல மனிதர்கள். என்னைப் பத்திரமாகத் தூக்கிப் படகில் உட்காரவைத்தார்கள். வீல்சேரைக் காட்டிக் கேட்டபோது, "சாமானெல்லாம் ஏத்த முடியாதும்மா, உயிர்தான் முக்கியம்" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்குத் தரப்பட்ட பயிற்சியில் இது இல்லை.

முகாமில் வெறும் விரிப்பில் கிடந்தேன். கழிப்பறைக்குப் போக ஒவ்வொரு முறையும் முன்பின் தெரியாதவர்களைத் தூக்கச் சொல்ல வேண்டும். கூச்சத்தில் தண்ணீர் குடிப்பதையே குறைத்தேன், சிறுநீர்த் தொற்று வந்தது. அதைவிடக் கொடுமை படுக்கைப்புண். வலி தெரியாத உடம்பு தானாகப் புரண்டு படுக்காது. எலும்பு அழுத்தும் இடத்தில் ரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்திலேயே தோல் கெடத் தொடங்கிவிடும். முகாமில் வந்த புண், வீடு திரும்பி வெகுகாலம் ஆகியும் ஆறவில்லை. நன்கொடையாக ஒரு வீல்சேர் கிடைத்தது உண்மைதான். ஆனால் இடுப்பின் அகலம், தொடையின் நீளம், பாதம் வைக்கும் உயரம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். அளவு தவறினால் உட்கார்ந்த நிலையிலேயே புண் வரும்.

வெள்ளமாவது வடிந்துவிடும். போர் நடக்கும் இடத்தில் இருப்பவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது. சிரியாவிலிருந்து வீல்சேரில் ஐரோப்பாவரை தப்பிச் சென்ற நுஜீன் முஸ்தபா, 2019 ஏப்ரலில் ஐ.நா. பாதுகாப்பு சபையில் பேசினார். தன்னால் குடும்பம் தப்பிக்கத் தாமதமாகிவிடுமோ என்ற பயத்திலேயே நாட்களைக் கழித்ததாகச் சொன்னார். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அதே ஆண்டு ஜூன் 20-ல், ஆயுத மோதல்களில் மாற்றுத்திறனாளிகளைப் பாதுகாப்பது பற்றிய 2475-வது தீர்மானத்தைச் சபை ஒருமனதாக நிறைவேற்றியது. இந்தப் பொருளில் அதுவே முதல் தீர்மானம். அதற்கு முன்பே, 2006-ல் ஐ.நா.வில் ஏற்கப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 11-வது பிரிவு, போரிலும் பேரிடரிலும் எங்களைப் பாதுகாப்பது அரசுகளின் கடமை என்று சொல்லிவிட்டது. 20-வது பிரிவு, நடமாட உதவும் கருவிகள் எங்களுக்குக் கிடைக்க வழிசெய்யச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், கருவியை விட்டுவிட்டு ஆளை மட்டும் கொண்டுபோவது பாதிப் பாதுகாப்புதான்.

காது கேளாதவருக்குச் சைரன் கேட்காது. சோதனைச் சாவடியில் "நில்" என்று கத்துவதும் கேட்காது. நிற்காமல் போனால் சுட்டுவிடவும் கூடும். அவருடைய காது மிஷினுக்கான பேட்டரியை அவசரப் பொருட்களின் பட்டியலில் எத்தனை பேர் சேர்க்கிறார்கள்? மின்சாரம் போனால் செயற்கைச் சுவாசக் கருவியில் இருப்பவரின் நிலை என்ன என்பதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

படகில் இடம் குறைவு என்பது எனக்கும் தெரியும். சில மின்சார வீல்சேர்கள் 100 கிலோவையும் தாண்டும். அவற்றை உடனே ஏற்ற முடியாதுதான். சரி, அப்போது புண் வராமல் காக்கும் இருக்கை மெத்தையையாவது கையோடு எடுங்கள். வீல்சேரில் பெயர் எழுதி ஒட்டிவிட்டு அடுத்த நடையில் கொண்டுவாருங்கள். மடக்கும் வீல்சேருக்கோ அதிக இடம் தேவையில்லை, உடனே மடித்து ஏற்றலாம். முகாம்களில் பல அளவுகளில் சில வீல்சேர்களும் காற்று மெத்தைகளும் முன்பே இருக்கட்டும்.

அப்புறம் ஒன்று. ஒத்திகை நடத்தும்போது எங்களையும் கூப்பிடுங்கள். எங்களை எங்கே பிடித்துத் தூக்க வேண்டும், எந்த வீல்சேரில் சக்கரம் தனியாகக் கழலும் என்பதை நாங்களே காட்டித் தருகிறோம்.

இப்படிக்கு,
வீல்சேர் பயன்படுத்தும் ஒரு வாசகி