தடுப்பூசி நேரத்தை மாற்றி அமைக்கக் கோரும் மனு

அனுப்புநர்
மீன் விற்கும் பெண்கள் குழுவினர்,
மீனவர் குப்பம், கடலூர் முதுநகர்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கடலூர் மாவட்டம்.

பொருள்: குழந்தைகளுக்கான தடுப்பூசியை மாலையிலும் போடவும், வீட்டிலுள்ள பாட்டிமாரிடம் செவிலியர் நேரில் பேசவும் ஏற்பாடு செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் குப்பத்தில் 9 மாத ஊசியும் ஒன்றரை வயது ஊசியும் விட்டுப்போன பிள்ளைகள் இருக்கிறார்கள். இவர்களை ஊசிக்கு மறுப்புச் சொல்லும் குடும்பங்கள் என்று பதிவேட்டில் எழுதுவதாகக் கேள்விப்படுகிறோம். அது சரியல்ல.

பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போகிறாள். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாத ஊசிகள் அங்கேயே ஒழுங்காக முடிந்துவிடுகின்றன. ஐந்தாம் மாதம் புகுந்த வீட்டுக்கு வந்தபின் கொஞ்ச நாளில் அவள் மீன்கூடையைத் தூக்கியாக வேண்டும். விடியும் முன்னே துறைமுகத்தில் ஏலம், அப்புறம் ஷேர் ஆட்டோ பிடித்து நெல்லிக்குப்பம், பண்ருட்டி என்று தெருத்தெருவாக விற்றுவிட்டுத் திரும்ப மதியம் 2 மணி தாண்டும். எங்களுக்கு ஊசி போடுவதோ புதன்கிழமை காலையில். அந்நேரம் பிள்ளை மாமியார் இடுப்பில் இருக்கிறது. தூக்கிக்கொண்டு போவதா வேண்டாமா என்று முடிவு செய்வதும் அவர்தான். செவிலியர் விளக்கம் சொல்வதெல்லாம் தாயிடம் மட்டுமே. (எங்களில் பாதிப்பேர் மாமியார்கள்தான். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம்.)

அவர்களுக்குப் பயம் இருக்கிறது. ஒன்றரை வயது ஊசி போட்டால் பிள்ளைக்குக் காய்ச்சல் காயும், தொடை வீங்கும், காலை ஊன்றாமல் அழும். நன்றாக விளையாடிய பிள்ளையை இப்படிக் கொண்டு வந்திருக்கிறாயே என்று அக்கம்பக்கம் கேட்கும். இது ஓரிரு நாளில் தணிந்துவிடும் என்று முன்கூட்டியே பாட்டியிடம் யாரும் சொல்வதில்லை. லேசான சளிக்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதும் அவருக்குத் தெரியாது.

இன்னொன்று அம்மை. வீட்டில் ஒருவருக்கு அம்மை போட்டிருந்தால் வாசலில் வேப்பிலை செருகி, மூன்று தண்ணீர் ஊற்றும்வரை அந்த வீட்டுப் பிள்ளைகள் யாருக்கும் ஊசி கிடையாது. தட்டம்மை பரவும்போது கூடப்பிறந்த பிள்ளைக்குத் தள்ளிப்போடுவது ஆபத்து என்பதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லலாம். மூடநம்பிக்கை என்று ஏசினால் கதவைச் சாத்திவிடுவார்கள். கேட்காதவர்களைக்கூட, தண்ணீர் ஊற்றிய மறுவாரமே வந்து கூப்பிட்டால் வருவார்கள். இப்போது யாரும் வருவதில்லை. அந்தப் புதன் போனால் போனதுதான்.

வாட்ஸ்அப் புரளியும் உண்டு. 2017 பிப்ரவரியில் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோது வந்த வதந்திகள் இன்னும் சிலர் வாயில் இருக்கின்றன. ஆனால் எங்கள் அனுபவத்தில் அதைவிடப் பெரிய தடை நேரமும் பேச ஆளில்லாததும்தான். 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர்ப் பகுதியில் தட்டம்மை தலைகாட்டியது. முகாமில் ஊசி போட்டார்கள். இதே பாட்டிமார்தான் அன்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அன்று செவிலியர் கண்ணெதிரிலேயே இருந்தார். பிள்ளை ராத்திரி அழுதால் காலையில் போய்க் கேட்க முடிந்தது.

ஆகவே மாதத்தில் ஒரு புதனாவது மாலை 4 மணிக்கு மேல் எங்கள் குப்பத்திலேயே ஊசி போட ஆணையிட வேண்டுகிறோம். போட்ட மறுநாள் செவிலியர் ஒருமுறை இந்தப் பக்கம் வந்து பார்த்தால் பாதிப் பயம் போய்விடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஏலம் குறையும், நாங்களும் வீட்டில் இருப்போம். விட்டுப்போன பிள்ளைகளுக்கான முகாமை அப்போது வைத்தால் மிகவும் வசதி. மே மாதம் தாண்டினால் கோயில் திருவிழா வேலைகள் ஆரம்பித்துவிடும், அதற்குள் வைப்பது நல்லது. அதற்கு முன் ஒருநாள் பாட்டிமாரை மட்டும் வலை பின்னும் கூடத்தில் உட்காரவைத்துப் பேச வேண்டும். அவர்களை அழைத்து வருவது எங்கள் பொறுப்பு, டீச்செலவும் எங்களுடையது.

பதிவேட்டில் மறுப்பு என்று எழுதப்பட்டிருந்தால், அதை ‘விடுபட்டது’ என்று காரணத்தோடு திருத்தும்படியும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மீன் விற்கும் பெண்கள் குழுவினர்
(கையொப்பங்களும் கைரேகைகளும் இணைப்பில்)

இடம்: கடலூர் முதுநகர்