மாதம் ஒரு நாள் எங்கள் ஊருக்கு வாருங்கள்

தொழிலாளர் புகார்களைக் கவனிக்கும் எங்கள் மாவட்ட அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். ஊர்ப் பெயரையும் அலுவலகப் பெயரையும் இங்கே எழுதவில்லை. எதைப் பற்றிச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். போன செவ்வாய்க்கிழமை காலை, மூன்றாம் எண் முகப்பில் (கவுண்டரில்) ஒரு நேப்பாளத் தம்பியோடு நின்ற கிழவன் நான்தான். புகாரை வாங்க வேண்டுமென்றால் முதலாளியிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். புகாரே அந்த முதலாளி மேல்தானம்மா என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். முகப்பில் இருந்த பெண் பிள்ளை சிரித்துக்கொண்டே அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டது. அந்தப் பிள்ளையைக் குறை சொல்லவில்லை. சொல்லிக்கொடுத்ததைத்தானே சொல்லும்.

அது எங்களுடைய மூன்றாவது பயணம். காலை 6.40 பஸ்ஸைப் பிடித்து, பாதி வழியில் இறங்கி, இன்னொரு பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்து உங்கள் படியேறும்போது பத்து மணி ஆகிவிடும். எனக்குப் பரவாயில்லை, ஓய்வு பெற்றவன். அவன் செம்பனை (பாமாயில்) குலை வெட்டுகிறவன். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. அவனுடைய கடப்பிதழ் (பாஸ்போர்ட்) அவன் முதலாளியான குத்தகைக்காரரின் மேசைக்குள் இருக்கிறது. அடுத்தவர் கடப்பிதழை எடுத்து வைத்துக்கொள்வது மலேசியாவின் 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். அதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. இவன் சட்டைப்பையில் இருப்பது நாலாக மடித்த ஒரு நகல், மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டியது. வழியில் போலீஸ் தடுப்பைக் கண்டால் போதும், பஸ் நிற்கும் முன்பே அவன் கை அந்தப் பைக்குப் போய்விடும். மூன்று பயணத்திலும் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

என்ன புகார் என்று கேட்டீர்களா? நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 31 வருடம் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து செக்ரோல் என்ற வருகை, சம்பளப் பதிவேட்டை எழுதியவன் நான். சம்பளச் சீட்டில் எந்த வரியில் திருட்டு இருக்கும் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். இவன் சீட்டில் மாதாமாதம் 80 வெள்ளி பிடித்திருக்கிறார்கள், எட்டு மாதமாக. எட்டு எண்பது 640. தோட்டத்துறையில் ஒரு அந்நியத் தொழிலாளிக்கு அரசாங்கம் வாங்கும் வருட லெவியும் சரியாக 640 வெள்ளிதான். 2018 ஜனவரி முதல் லெவியை முதலாளிதான் கட்டவேண்டும், தொழிலாளியிடம் பிடிக்கக்கூடாது. அந்தக் குத்தகைக்காரருக்குக் கணக்கு நன்றாக வருகிறது. அதையாவது பாராட்டவேண்டும்.

முன்பெல்லாம் அந்நியத் தொழிலாளர் என்றால் கோலாலம்பூர், கிள்ளான், ஜொகூர் பாரு, பினாங்கு என்றுதான் நினைப்போம். ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூரில் கோத்தா ராயா பக்கம் போனால் நேப்பாளமும் வங்காளதேசமும் ஒரே தெருவில் தெரியும். ஆள் எடுப்பது பற்றி மலேசியாவும் இந்தோனேசியாவும் செய்துகொண்ட 1984 மேடான் ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தோனேசியர்கள் எங்கள் தோட்டங்களுக்கு வந்தார்கள். அப்புறம் மற்றவர்களும் ஒவ்வொருவராக உள்ளே வந்துவிட்டார்கள். எங்கள் பழைய கள்ளுக்கடைக் கட்டடத்தில் இப்போது ஊருக்குப் பணம் அனுப்பும் கடை, வங்காள எழுத்தில் பலகை. நாங்கள் காலி செய்த லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) அவர்கள் குடியிருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் ஷா ஆலமுக்கும் போய்விட்டார்கள். ஆட்கள் இப்படிச் சிறு ஊர் வரைக்கும் பரவி வந்தாயிற்று. உங்கள் முகப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தூதரகம் வேண்டுமென்றால் கோலாலம்பூர், புகார் என்றால் பெரிய பட்டணம், மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றால் இந்தக் கிழவன். என் தமிழ் மலாயும் அவன் நேப்பாள மலாயும் சேர்ந்து ஒரு வாக்கியம் ஆவதற்குள் உங்கள் ஆட்கள் தேநீருக்கு எழுந்துவிடுகிறார்கள்.

ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஆவணச் சோதனைக்கு வரும் லாரிக்கு எங்கள் லயத்துக்கு வழி தெரிகிறது. மழையிலும் தெரிகிறது. எப்படி என்றுதான் புரியவில்லை.

என் தாத்தா ரஜூலா கப்பலில் வந்து பினாங்கில் இறங்கியவர். அந்தக் காலத்தில் தோட்டத்துத் தமிழர்களைப் பார்க்க வந்த லேபர் துரைமார்களில் (தொழிலாளர் இலாகா வெள்ளைக்கார அதிகாரிகளில்) பலர் தமிழ் படித்துத் தேறியவர்கள். அதற்காகவே அவர்களைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். எங்கள் மேல் பாசத்தினால் படிக்கவில்லை, ரப்பருக்காகப் படித்தார்கள், அது வேறு கதை. ஆனாலும் அந்தத் துரை தோட்டத்துக்கு வந்து, வரிசையில் நின்ற ஆளிடம் அவன் பாஷையில் சம்பளம் கிடைத்ததா என்று கேட்டார். வெள்ளைக்காரனால் முடிந்தது நம்மால் ஏன் முடியவில்லை?

பெர்மிட் என்ற சொல்லும் எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் ஆனபோது எங்கள் லயத்திலேயே பல வீடுகள் கதவைப் பூட்டிக்கொண்டு கப்பல் ஏறின. அந்தச் சாவிகளைக் கொஞ்ச நாள் என் அப்பா வைத்திருந்தார். இன்று அதே லயத்துப் பிள்ளைகள் சிலர் “வங்காளா வந்து ஊரையே பிடித்துவிட்டான்” என்று சாப்பாட்டுக் கடையில் பேசுகிறார்கள். அவர்களுக்கு இன்னொரு மடல் எழுதவேண்டும். சரி, இது உங்களுக்கானது.

கோபத்தில் ஏதாவது கூடக்குறைய எழுதியிருந்தால் மன்னிக்கவும். நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. மாதம் ஒரு நாள் உங்கள் முகப்பு எங்கள் ஊருக்கு வரட்டும். அன்றைக்கு நேப்பாளமும் வங்காளமும் தெரிந்த ஆள் ஒருவரையாவது கூட அழைத்து வாருங்கள். முதலாளி மேல் புகார் கொடுக்க முதலாளியிடமே கடிதம் கேட்பதை நிறுத்துங்கள். மாதம் ஒரு நாள் போதும் ஐயா.

கோயில் மண்டபத்தைத் தர நிர்வாகத்தினர் சம்மதித்துவிட்டார்கள். முதல் ஞாயிறு தோதான நாள், அன்று பெரும்பாலான தோட்டங்களில் வேலை இல்லை. இரண்டு மேசை, நாற்பது நாற்காலி இருக்கிறது. மின்விசிறிகளில் ஒன்று ஓடாது, நீங்கள் வருவதாக இருந்தால் சரி செய்துவிடுகிறேன். மண்டபச் சாவி என்னிடம்தான் இருக்கிறது.

பணிவுடன்,
ஓய்வு பெற்ற ஒரு தோட்டத்துக் கிராணி
பேராக்