2.05 மணி என்றால் எத்தனை நிமிடம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் கணினிப் பக்கத்தில், செகண்டுகளை மணி, நிமிடமாக மாற்றும் பைத்தான் நிரல்மொழிப் பயிற்சி வந்திருந்தது. ஏழாவது படிக்கும் என் மகள் ஆசையாக உட்கார்ந்து 7384 செகண்டை 3600-ஆல் வகுத்தாள், தசமம் இல்லாமல் முழு எண்ணை மட்டும் தர நீங்கள் அச்சிட்ட இரண்டு சாய்கோட்டில் (//) ஒன்றை விட்டுவிட்டு. திரையில் 2.0511 என்று நீளமாக ஓடியதும், "அப்பா, ரெண்டு மணி அஞ்சு நிமிஷம்" என்று எழுந்துவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. 8.07 லோக்கல், 9.12 லோக்கல் என்று வண்டிக்கே நேரத்தைப் பெயராக வைத்துக் கூப்பிடும் மும்பையில் வளர்ந்த பிள்ளைக்கு 2.05 வேறு எப்படிப் படும்?

நான் செய்தது அதைவிட மோசம். கல்லூரியில் சி மொழி படித்தவன். அதில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் ஒற்றைக் கோட்டுக்கே 2 என்று வந்துவிடும், அந்த நினைப்பில் "ரெண்டு கோடு அச்சுப்பிழை" என்று அடித்துச் சொல்லிவிட்டேன். பைத்தான் 3-இல் ஒற்றைக் கோடு தசமத்தைத்தான் தரும் என்று பிடிபட அரை மணி நேரம் போனது.

என் குறை இதுதான்: சூத்திரத்தைக் கொடுத்தீர்கள், மீதியைப் பற்றிப் பேசவே இல்லை. 7384-இல் இரண்டு மணிக்கு 7200 போக மிச்சம் 184, அதில் 3 நிமிடம் போக 4 செகண்ட். ஐந்து நிமிடம் எங்கிருந்து வரும்? மீதியை எடுக்கும் % குறியைப் பிள்ளைகள் சதவீதம் என்றே படிக்கிறார்கள், அதற்கு ஒரு வரியாவது வேண்டாமா? அப்புறம் 2:3:4 என்று வருவதை 02:03:04 ஆக்கும் வழியையும் அடுத்த இதழில் போடுங்கள்.

பஞ்சாங்கம் புரட்டிக்கொண்டிருந்த என் அம்மா, "நாழிகை கணக்கும் இப்படித்தானே" என்றார். சரிதான். நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகை 24 நிமிடம், அதாவது 1440 செகண்ட், அதில் 60 விநாடி. நிரலில் 3600-ஐ 1440 ஆகவும் 60-ஐ 24 ஆகவும் மாற்றினோம். அதே 7384 செகண்டுக்கு 5 நாழிகை 7 விநாடி, மீதி 16 செகண்ட் என்று வந்தது. மகள் அதற்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

உங்கள் பக்கத்தில் செகண்டுக்கு 'விநாடி' என்று போட்டிருந்தது. விநாடி என்றால் 24 செகண்ட் என்று அம்மா இன்னும் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு வாசகர்,
மாட்டுங்கா, மும்பை