நெருப்பு யார் கையில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

காட்டிலும் வனாந்தரத்திலும் உயிர்பிழைக்கப் போராடும் மனிதர்களைக் காட்டும் சாகசத் திரைப்படங்கள் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வெளியான கட்டுரை, சண்டைக் காட்சிகளை விரிவாகப் பேசிவிட்டு, அத்தகைய இடத்தில் அதிகாரம் யாரிடம், எதனால் போய்ச் சேர்கிறது என்பதைத் தொடாமலே முடிந்துவிட்டது. தோள்வலி உள்ளவனே தலைவன் என்று காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் படங்களே இவ்வகையில் அதிகம்.

1981இல் வெளிவந்த ‘குவெஸ்ட் ஃபார் ஃபயர்’ அப்படிப்பட்டதன்று. நெருப்பை உண்டாக்கத் தெரியாத ஆதிமனிதக் கூட்டமொன்று, கிடைத்த தணலைக் கூண்டில் வைத்து ஊதி ஊதிக் காத்துவருகிறது. எதிரிகளுக்கு அஞ்சி ஓடுகையில் அதுவும் சதுப்பு நீரில் அணைந்துபோகிறது. நெருப்பைத் தேடிச் சென்ற மூவர் பெரும்பாடுபட்டு அதைக் கொண்டுவந்தும், வரவேற்புக் கூத்தில் அது மறுபடியும் நீரில் விழுகிறது. வழியில் வேற்றுக் கூட்டத்தார் தீக்கடைவதைக் கண்ணால் கண்டதை நம்பி நாயகன் குச்சியைக் கடைந்து பார்க்கிறான், தீ வரவில்லை. அவனோடு வந்த அக்கூட்டத்துப் பெண் அதை வாங்கிக் கடைகிறாள். அந்த நிமிடத்தில் அத்தனை பேருடைய உயிரும், அங்கே யாரையும் அடித்து வீழ்த்த முடியாத அவளுடைய உள்ளங்கைகளில் இருக்கிறது.

இலங்கையின் மலையகத் தமிழருக்கு இது புரியாத கதையன்று. கோப்பிக் காலத்தில் தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்த எங்கள் முன்னோரில் பலர் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பலியாகினர். அவ்வழியில் யானையும் சிறுத்தையும் இருந்தன என்றாலும், அவர்களை ஆண்டது, தோட்டத்துக்கு ஆள் திரட்டி வந்த கங்காணியின் கணக்கு. வழிச்செலவுக்குக் கொடுத்த முன்பணம் கடனாக ஏறியது. அக்கடனைக் குறித்த துண்டுச் சீட்டு ஆளைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டது. அந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

இந்திய அரசோடு உடன்பாடு ஏற்படாததால் 1984ஆம் ஆண்டின் ‘இந்தியானா ஜோன்ஸ்’ படத்தைக் கண்டிப் பக்கம் எடுத்தார்கள். எங்கள் மலைகள் அதில் இந்தியக் கிராமமாக வேடமிட்டன. வேடம் போடாமலே நடிக்க இம்மலைகளுக்குச் சொந்தக் கதை உண்டு. எங்கள் முன்னோர் வந்து இருநூறு ஆண்டானதைக் குறித்த ‘மலையகம் 200’ஐ முன்னிட்டு 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தே வந்தார்கள். அந்தப் பாதையைப் படமாக்க வருவோர் யானை துரத்தும் காட்சியை எத்தனை நேரம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் இரவுத் தங்கலில் கங்காணி அரிசி அளப்பதையும், அளந்ததை யார் பெயரில் எழுதுகிறான் என்பதையும் அருகிலிருந்து காட்ட வேண்டும். இக்கோணத்தில் ஒரு கட்டுரையைத் தாங்களும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கொட்டகலை.