குளத்தங்கரை மரங்களுக்கு ஒரு மூலநிதி

ஆசிரியர் அவர்களுக்கு,

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் குளத்தங்கரையிலும் பூங்காவிலும் மரம் நடப் பணம் கிடைத்துவிடுகிறது. நட்டதற்குத் தண்ணீர் ஊற்றத்தான் கிடைப்பதில்லை. கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து மாசி, பங்குனி வெயிலில் கன்று கருகுவது இதனால்தான். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் இப்படி நடப்பது வேதனை.

நிறுவனங்கள் தரும் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பணத்தை, 2021 ஜனவரி விதித் திருத்தத்துக்குப் பிறகு, எந்த அறக்கட்டளையின் மூலநிதியிலும், அதாவது முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவழிக்கும் நிதியிலும், சேர்க்க முடியாது. அது நடவுக்கும் வேலிக்கும் ஆகும். வருடாவருடம் பராமரிக்க, உள்ளூர்க்காரர்கள் போடும் மூலநிதியின் வட்டிதான் வழி. 10 லட்சம் ரூபாய்க்கு 7 விழுக்காடு வட்டி என்றால் ஆண்டுக்கு 70,000 ரூபாய். ஓர் ஆளுக்குப் பகுதி நேரக் கூலி தேறும். 100 கன்றுக்கு வாரம் இரு முறை, தலா 20 லிட்டர் என்றால் வாரத்துக்கு 4,000 லிட்டர். டிராக்டர் டேங்கர் வாடகையையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

பணம் தருகிறவர் "இது மூலநிதிக்கு" என்று கையெழுத்திட்டு எழுதித் தர வேண்டும். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் அது சாதாரண வரவாகிவிடும். அறக்கட்டளையின் வரிவிலக்கு நிற்க, அப்படிப்பட்ட வரவில் 85 விழுக்காட்டைச் சேர்த்து வைக்காமல் செலவழித்தாக வேண்டும். பல சிறு அறக்கட்டளைகள் சறுக்குவது இங்கேதான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடையாது. காசோலையோ வங்கிப் பரிமாற்றமோதான் நல்லது.

அடுத்தது நிலம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 விழுக்காடு பூங்கா போன்ற திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் ஆக வேண்டும். பத்திரம் பதிவானதோடு நின்று, பட்டா மாறாமல் கிடந்தால் பக்கத்து மதில் அடி அடியாக நகரும். ஆகவே வில்லங்கச் சான்று, 'அ' பதிவேடு (வருவாய்த் துறையின் நிலப் பதிவேடு), புலப்படம் (நில அளவை வரைபடம்) மூன்றையும் ஒத்துப் பார்த்து, சர்வேயரை வைத்து அளந்து கல் நாட்டி, உள்ளாட்சியிடம் பராமரிப்பு ஒப்பந்தம் எழுத்தில் வாங்கிய பிறகே மண்ணில் கை வைக்க வேண்டும். குளம் புறம்போக்குக்கும் அதே வரிசைதான்.

நடவிலும் கவனம் தேவை. புன்னை, பூவரசு, புங்கன், நாவல், நீர்மருது கரைக்கு ஏற்றவை. குழி இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடி. பாலித்தீன் பையைக் கிழித்து எடுத்துவிட்டு நட வேண்டும். பையோடு புதைத்தால் வேர் உள்ளேயே வட்டமடித்துச் சுருளும். மேலே இலை தழைத்திருக்கும், நாலைந்து வருடத்தில் ஒரு காற்றுக்கு அடியோடு சாயும். 2017 ஒக்கி புயலைப் பார்த்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரும்புக் கூண்டைத் தண்டு தடிக்கும் முன் கழற்றாவிட்டால் கம்பி பட்டைக்குள் புதைந்துவிடும்.

பூங்காவில் பேவர் பிளாக்கைத் தண்டை ஒட்டிப் பதிப்பதையும் நிறுத்த வேண்டும். சுற்றிலும் மூன்றடி மண் திறந்திருக்கட்டும். சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் ஈரநிலங்கள் 2022இல் ராம்சர் என்னும் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை. அங்கே கரை முழுக்க சிமென்ட் போட்டுவிட்டால் நீர்ப்பறவை ஒதுங்கப் புல்லும் கோரையும் இருக்காது. அப்படிச் சிமென்ட் போட யார் நிதி தந்தாலும் அறக்கட்டளை வாங்கக் கூடாது.

இப்படிக்கு,
வாசகர், நாகர்கோவில்