போர்க்காலக் கதைகளில் தேதியும் பேச்சும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலனியப் போரில் இரு பண்பாடுகளுக்கிடையே சிக்கிய பெண்ணைப் பற்றிக் கதை எழுதுவோர் பெரும்பாலும் இடறுவது தேதியிலும் உரையாடலிலும்தான்.

யூனிஸ் வில்லியம்ஸை எடுத்துக்கொள்வோம். மாசசூசெட்ஸின் டீர்ஃபீல்டு ஊரைப் பிரெஞ்சுக்காரரும் பூர்வகுடி வீரர்களும் தாக்கியபோது ஏழு வயதில் பிடிபட்டவர். ஆங்கிலேயர் கணக்கில் அது 1704 பிப்ரவரி 29. பிரெஞ்சுக்காரர் கணக்கில் மார்ச் 11. பிரெஞ்சுக்காரர் இன்றைய கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறியிருந்தனர்; ஆங்கிலேயர் அப்போதும் பழைய ஜூலியன் நாட்காட்டியை விடவில்லை. போதாக்குறைக்கு அவர்களுக்கு மார்ச் 25-இல்தான் புத்தாண்டு. ஆகவே சில ஆவணங்களில் ஆண்டு 1703 என்றே இருக்கும். இரு தரப்புக் குறிப்புகளையும் கலந்து எழுதினால் கைதிகளைக் கனடாவுக்கு நடத்திச் சென்ற பயணத்தில் பதினொரு நாள் கூடும், இல்லையேல் குறையும். முதலில் எல்லாவற்றையும் ஒரே நாட்காட்டிக்கு மாற்றிக்கொள்வதே உத்தமம்.

மான்ட்ரியலுக்கு அருகிலுள்ள கானவாகே ஊரில் மோஹாக் என்ற பூர்வகுடி மக்களிடம் வளர்ந்த யூனிஸ் ஆங்கிலத்தை அடியோடு மறந்தார். 1713-இல் அவரைத் திரும்ப அழைக்க வந்த ஆல்பனிக்காரர் ஜான் ஸ்கைலர் மொழிபெயர்ப்பாளர்கள் வழியாகத்தான் பேச முடிந்தது. யூனிஸ் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. தந்தை மறுமணம் செய்திராவிட்டால் எப்போதோ போய்ப் பார்த்திருப்பாள் என்று சொன்னவர் கணவர் அரோசன். இந்தக் காட்சியில் சரளமான வசனம் வைத்தால் கதை அங்கேயே படுத்துவிடும்.

ஏங்கி அழும் கைதியாகவே அவரைக் காட்டுவதும் சோம்பேறித்தனம். மோஹாக்கியருடையது தாய்வழிக் குலம். இறந்தவர் இடத்தை நிரப்பத் தத்தெடுத்தவரைக் குலத்தின் முழு உறுப்பினராகவே நடத்தினர். 1740-இல் ஆல்பனியில் அண்ணன் ஸ்டீபனைச் சந்தித்த பிறகும், 1785-இல் இறக்கும்வரை யூனிஸின் ஊர் கானவாகேதான்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியர் ஒருவர், தஞ்சாவூர்