துணைநூற்பட்டியல் பயிற்சி: ஞாயிறு மாலை 5 மணி

அனைவருக்கும் வணக்கம். ஆய்வேடு எழுதும் இறுதியாண்டுத் தம்பி தங்கைகளுக்காக, வரும் ஞாயிறு மாலை 5 மணிக்குக் கூகுள் மீட்டில், துணைநூற்பட்டியல் தயாரித்துத் தரும் ஜோட்டெரோபிப் என்ற இணையக் கருவியைச் சொல்லித் தருகிறோம். இலவசம், கணக்குத் தொடங்க வேண்டாம், போனே போதும்.

1. பயன்படுத்திய 5 நூல்களைக் கையோடு வைத்திருங்கள். பின்னட்டையில் 978 என்று தொடங்கும் 13 இலக்க எண்ணைக் கொடுத்தால் பெரும்பாலும் விவரம் தானாக வந்துவிடும். பழைய தமிழ் நூல்களில் அந்த எண் இருக்காது. அவற்றுக்குத் தலைப்புப் பக்கத்தையும் பதிப்பு விவரப் பக்கத்தையும் படம் எடுத்து வாருங்கள், கையால் உள்ளிடலாம்.

2. இணையக் கட்டுரை என்றால் முகவரியோடு, பார்த்த தேதியையும் குறித்து வையுங்கள்.

3. பட்டியலை எந்த மேற்கோள் முறையில் அமைக்க வேண்டும், ஏபிஏவா (APA), எம்எல்ஏவா (MLA) என்று நெறியாளரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

4. பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று கருவி எடுத்துக்கொள்ளும். நம் ஊரில் அது பல நேரம் அப்பா பெயர். எழுதியவரின் நூல் அவர் அப்பா பெயரில் பட்டியலில் ஏறுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

5. பட்டியல் அந்த பிரவுசரில்தான் சேமிப்பாகும். போன மாதம் ஒரு தங்கை பிரவுசர் தரவை அழித்ததில் 60 பதிவுகள் போய்விட்டன, அழுதுகொண்டே போன் செய்தாள். அன்றன்றைக்கு வேர்டு கோப்பில் நகல் எடுத்துவிடுங்கள்.

வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயரும் ஆய்வுத் தலைப்பும் இங்கே பதியுங்கள். அப்புறம், உடனிருந்து உதவ மூத்தவர்கள் இரண்டு பேர் வேண்டும். முடிந்தவர்கள் சொல்லுங்கள்.